பெட்டிக்குள்ளிருந்து சொன்ன அத்தியாயம்

உங்கள் போலீஸ் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு வெகு நாளாகிவிட்டது, லெப்டினன்ட். ரிப்பனும் தேய்ந்திருக்கிறது. பரவாயில்லை, இதைவிட மோசமானதில் நான் நாவல் எழுதியிருக்கிறேன். சுருக்கெழுத்துக்காரர் வேண்டாம், நானே தட்டித் தருகிறேன் என்று கேட்டதற்கு ஒப்புக்கொண்டீர்கள். நன்றி. வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது.

வெர்ன் டேவனரும் நானும் ஏழு வருஷக் கூட்டாளிகள். மருந்துக்கடைகளில் சுழலும் கம்பி அலமாரியில் க்ளே ராண்டன் எழுதிய துப்பறியும் நாவல்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு ஆள் கிடையாது. வெர்ன் சொல்வான், நான் தட்டுவேன். அவனுக்குத் தட்டச்சு தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் இல்லை. அவன் உட்கார்ந்தால் கதை படுத்துவிடும். ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே சொல்வான். ஐந்து பேர் பேசும் காட்சி என்றால் ஐந்து குரல் வரும். இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். எங்கள் விஷயத்தில் ஓசை அவன், கை நான். அப்படிப் பத்தொன்பது புத்தகம் ஆயிற்று.

எங்கள் தொழிலில் அட்டைப்படம்தான் முதலில் வரும். நியூயார்க்கில் ஓவியர் வரைந்துவிடுவார். அதற்கேற்ற கதையை நாங்கள் செய்ய வேண்டும். படத்தில் இருக்கும் காட்சி புத்தகத்தில் எங்காவது வந்தே ஆகவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒருமுறை நீச்சல்குளத்தில் ஒரு குதிரையும் செவிலியும் இருந்த படத்தை அனுப்பினார்கள். வெர்ன் அதற்கும் ஒரு கொலை கண்டுபிடித்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். எழுதியதைத் திரும்பப் படிக்கிறவனை எங்கள் தொழிலில் கேலி செய்வார்கள். உருளையிலிருந்து உருவிய தாள் நேரே உறைக்குள் போகும். நியூயார்க்கிலும் எழுத்துப் பிழை பார்ப்பதோடு சரி. பத்தொன்பது புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூட நான் இரண்டாம் முறை பார்த்தது கிடையாது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் போர்ட்லாந்திலிருந்து ஒரு வாசகி எழுதினாள். இர்மா சோல்பர்க் என்று பெயர். அவள் அப்பா ஆற்றில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். எங்கள் கதாநாயகன் லாஸ்கர், நனைந்த கயிற்று முடிச்சைப் பல்லால் அவிழ்த்துத் தப்பிப்பதாக எழுதியிருந்தோம். ‘நனைந்தால் அந்த முடிச்சு இறுகுமே தவிர இளகாது. இனிமேல் ஒருவரைக் கட்டிப்போடுவதற்கு முன் தயவுசெய்து உங்களையே ஒருமுறை கட்டிப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தாள். வெர்ன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என்னிடம் நாற்காலியில் தன்னைக் கட்டச் சொல்லி, தண்ணீரை ஊற்றச் சொன்னான். நாற்பது நிமிஷம் திணறிவிட்டு, கடைசியில் கத்தியால் அறுக்கச் சொன்னான்.

அன்றிலிருந்து அது எங்கள் சட்டமாயிற்று. செய்து பார்க்காத எதையும் எழுதுவதில்லை. மிஸஸ் குயிக்லியின் விடுதியில் மூன்றாம் மாடியில் பக்கத்துப் பக்கத்து அறை எங்களுக்கு. வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கே யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் அந்த அம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்தார். பிறகு பழகிவிட்டது. ‘காப்பாத்துங்க’ என்று வெர்ன் அலறினால் கீழேயிருந்து, “சீக்கிரம் செத்துத் தொலைங்கப்பா, சூப் ஆறுது” என்று பதில் வரும்.

இர்மாவுக்குப் பதில் எழுதவேண்டும் என்றான் வெர்ன். அவன் சொன்னான், நான் தட்டினேன். அவள் திரும்ப எழுதினாள். முதலில் கயிறு பற்றி, அப்புறம் மழை பற்றி, அப்புறம் ஒன்றைப் பற்றியும் இல்லாமல். வாரம் ஒரு கடிதம். ‘மதிப்புக்குரிய மிஸ் சோல்பர்க்’ என்று தொடங்கியதும் நான்தான், ‘என் கண்ணே’ என்று தட்டியதும் நான்தான். அவன் அவளைக் கட்டிக்கொள்வான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன ஆகஸ்டில், மூலைக்கடையில் காரமான பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“நார்ப், நான் போர்ட்லாந்து போறேன்டா. அடுத்த மாசம் கல்யாணம். அவ அப்பாரு படகுல வேலை போட்டுத் தராராம். பாரு, இந்த மூஞ்சிக்குப் படகு!”

“புத்தகம்?” என்று கேட்டேன்.

“நீ எழுதேன். ஏழு வருஷமா எழுதறது யாரு, நானா? நான் சும்மா வாயடிக்கிறவன்டா.”

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். மறுநாள் அவன் சட்டை வாங்கப் போயிருந்தபோது முயன்று பார்த்தேன். ‘லாஸ்கர் நாற்காலியில் உட்கார்ந்தார்’ என்று தட்டினேன். மூன்று நாள் அப்படி உட்கார்ந்தேன். மூன்று நாளும் லாஸ்கர் எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வெர்னைச் சந்திப்பதற்கு முன் இந்த லாஸ் ஏஞ்சல்ஸில் ஒன்பது வருஷம் தனியாக இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கூட வரிசையில் தட்டோடு நிற்பேன். குழம்பு ஊற்றும் பெண் ஊற்றிவிட்டு, “அடுத்தது” என்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒரு மனிதர் பேசிய பேச்சு அவ்வளவுதான். அதுவும் எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்துச் சொன்னது. தபாலில் எனக்கு ஒன்றும் வராது. என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வெர்ன் வந்த பிறகு ஒரு நாளைக்கு நூறு தடவை ‘நார்ப், நார்ப்’ என்பான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். அந்த அறைக்கு வேறொருவர் வருவார், அவர் வேறு மாதிரி இருமுவார் என்று நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

இருபதாவது புத்தகத்துக்கான அட்டைப்படம் செப்டம்பர் முதல் வாரம் வந்தது. பச்சை உடை உடுத்திய ஒரு பெண் பெரிய பயணப்பெட்டியின்மேல் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டுகிறாள். மூடியின் இடுக்கில் ஓர் ஆணின் கழுத்துப்பட்டி நுனி தெரிகிறது. வெர்ன் கையைத் தட்டினான். பென்னி என்று ஒரு சீட்டாட்டக்காரனைப் படைத்தான். பெட்டிக்குள் அடைக்கப்பட்ட பென்னி அரை மணி நேரத்தில் தப்பிக்க வேண்டும். எப்படி என்பதுதான் கடைசி அத்தியாயம். அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம், கையில் பெட்டி இல்லாததால்.

செப்டம்பர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. பாலைவனத்துப் பக்கமிருந்து காற்று வீசி, காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெர்ன் ஊருக்குப் போவதற்காக வாங்கியிருந்த பெட்டி அன்று பகல்தான் வந்து சேர்ந்தது. பழைய கப்பல் பெட்டி, சுற்றிலும் பித்தளைப் பட்டை, இரண்டு கொக்கி, நடுவில் பூட்டு. ரயில் மூன்று நாற்பதுக்கு. டாக்ஸியை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தான். துணியெல்லாம் கட்டிலில் மடித்து வைத்திருந்தது.

“நார்ப், மணி ஒண்ணுதான ஆவுது. துணி உள்ள போறதுக்கு முன்னாடி பென்னி உள்ள போவட்டும். கடைசி அத்தியாயத்த முடிச்சுக் குடுத்துட்டுத்தான்டா போவேன். பாக்கி வெச்சுட்டுப் போனா உன் மூஞ்ச கனவுல பாக்கணும்.”

கொக்கிகளையும் பூட்டையும் போடச் சொன்னது அவன்தான். மூன்று தட்டு தட்டினால் திறக்க வேண்டும் என்று பேச்சு. முழங்காலை மடக்கிப் படுத்தான். அவன் கழுத்துப்பட்டி நுனியை மூடியில் மாட்டிக்கொள்ளும்படி இழுத்து விட்டான். அட்டைப்படம் மாதிரியே இருந்தது. இருவரும் சிரித்தோம். பூட்டிவிட்டு இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து சொல்ல ஆரம்பித்தான். குரல் கொஞ்சம் அமுங்கி வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. தன் மூச்சே தன் முகத்தில் திரும்பி வந்து மோதுவதை பென்னி முதலில் கவனிக்கிறான் என்றான். பழைய நாப்தலின் வாசனை என்றான். நாங்கள் சேர்ந்து செய்ததில் அவ்வளவு நன்றாக வந்த பக்கங்கள் வேறில்லை. நான் தட்டத் தட்ட அவனுக்கு உற்சாகம் ஏறியது.

ஒன்று இருபதுக்கு மூன்று தட்டு தட்டினான். நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். அது முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது வரை பெட்டி மூடியிருந்தால் ரயில் போய்விடும். ரயில் போய்விட்டால் மாலையில் இருவரும் மூலைக்கடைக்குச் சாப்பிடப் போவோம். அவன் கொஞ்சம் திட்டுவான், பிறகு சிரித்துவிடுவான். என் யோசனை அவ்வளவுதான், லெப்டினன்ட். அதைவிடப் பெரிதாக நான் எதுவும் திட்டமிட்டதாக அரசு வழக்கறிஞர் சொன்னால் அது மிகை.

“நார்ப், தட்டினது கேக்கல? தொறடா. முதுகு புடிச்சுக்கிச்சு.”

அதையும் தட்டினேன். அவன் சொல்வதைத் தட்டுவது என் வேலை.

இரண்டு மணிக்கு மிஸஸ் குயிக்லி மாடியேறி வந்தார். வழியனுப்பும் சாப்பாடாக ஹாம் சாண்ட்விச் இரண்டு தட்டில். அப்போது வெர்ன் பெட்டியை உள்ளேயிருந்து காலால் உதைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு யாரு சாவுறது?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“பென்னி” என்றேன்.

“மிஸஸ் குயிக்லி! தொறங்க! விளையாட்டு இல்ல, மூச்சு முட்டுது! சத்தியமா விளையாட்டு இல்ல!”

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசித்தார். “போற அன்னிக்கும் விடமாட்டேங்குறாரு பாரேன். படகுல போயி இந்தக் கூத்தடிச்சா ஆத்துல தள்ளிடுவாங்க, மிஸ்டர் டேவனர்! டாக்ஸிக்கு நேரமாவுது, மறந்துறாதீங்க.” பிறகு என்னிடம், தலைமுடி அலங்காரத்துக்குப் போவதாகவும் திரும்ப ஐந்தாகும் என்றும் சொன்னார். பெட்டியின் மூடியை இரண்டு முறை செல்லமாகத் தட்டினார். “போய்ட்டு வாங்க தம்பி. அந்தப் பொண்ணை அழ வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரை நீங்கள் குறைசொல்லக் கூடாது. மூன்று வருஷமாக அவர் வீட்டில் வாரம் ஒரு பொய்ச் சாவு நடந்திருக்கிறது. நிஜத்தை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் அழுதுகொண்டே இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதன்பிறகு வெர்ன் கொஞ்சநேரம் என்னைத் திட்டினான். பிறகு நயமாகப் பேசினான். ரயில் போய்விடும், ஸ்டேஷனில் இர்மா நின்றுகொண்டிருப்பாள் என்றான். தட்டுவதை நிறுத்து என்றான். அதையும் தட்டினேன். பிறகு ஒன்று சொன்னான், அதைத்தான் நான் அடிக்கடி யோசித்துப் பார்க்கிறேன்.

“சரிடா. போவல. எங்கயும் போவல. இங்கயே இருக்கேன், உன்கூடவே. தொற, நார்ப்.”

நான் எதிர்பார்த்தது அந்த வார்த்தையைத்தான். அப்போதே திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஏழு வருஷமாக அவன் குரலைக் கேட்டவன் நான். அவன் உண்மை சொல்லும் குரல் வேறு, கதை சொல்லும் குரல் வேறு. அது கதை. திறந்தால் எழுந்து நேரே படியிறங்கிப் போய்விடுவான். நாளைக்கும் ரயில் உண்டு, நாளை மறுநாளும் உண்டு. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது புரிந்தது. ஒரு ரயிலைத் தவறவிட்டால் மட்டும் போதாது.

மூன்று மணிக்கு டாக்ஸி வந்து ஒலிப்பானை அடித்தது. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, பயணம் ரத்து என்று கையசைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போது அவன் வாக்கியங்கள் குறுகிவிட்டன. என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று பத்துக்கு அதுவும் நின்றது. மூன்று நாற்பதுக்குப் பெட்டியைத் திறந்தேன். மூன்றுக்குத் திறந்திருந்தால் அவன் ரயிலையே பிடித்திருப்பான்.

இருபத்தாறு பக்கம் வந்திருந்தது. வழக்கம்போல் உறையிலிட்டு, தபால் நிலையம் மூடுவதற்குள் நியூயார்க்குக்கு அனுப்பினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அத்தியாயம் முடிந்தால் அனுப்புவோம்.

மிஸஸ் குயிக்லியிடம், வெர்ன் அவசரத்தில் கைப்பையோடு ஓடினான், பெட்டியை நான் பிறகு அனுப்ப வேண்டும் என்றேன். மறுநாள் காலையில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தேன். ஐஸ்காரன்தான் இறக்க உதவினான். “உள்ள என்ன சார் இந்தக் கனம்?” என்றான். “ஒரு நாவல்” என்றேன். லங்காஸ்டருக்கு அப்பால் பாலைவனத்தில் அவனைப் புதைத்த இடத்தை நேற்று உங்கள் ஆட்களுக்குக் காட்டினேன். பெட்டியோடு வைத்தேன். தனியாக மண்ணில் வைக்க மனம் வரவில்லை.

இர்மாவுக்கு எழுத வேண்டியிருந்தது. கடைசி நிமிஷத்தில் மெக்சிகோவில் ஒரு சினிமாக் கம்பெனி கூப்பிட்டது, வசந்தத்தில் வந்துவிடுவேன் என்று வெர்ன் சொல்வதாகத் தட்டினேன். அங்கிருந்து எனக்குக் குறிப்பு அனுப்புவான், நான் தட்டி அவளுக்கு அனுப்புவேன் என்றும் சேர்த்தேன். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் படித்த ஒவ்வொரு கடிதமும் என் இயந்திரத்தில் அடித்ததுதானே? முதலில் கோபித்தாள், பிறகு இறங்கி வந்தாள். கல்யாண உடையை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டதாகவும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் எழுதினாள். ஆறு மாதம் எங்களுக்குள் கடிதம் நடந்தது. நாவலில் ஒரு வரி வராத எனக்கு, அவளுக்கு மட்டும் நான்கு பக்கம் வந்தது. செவ்வாய்க்கிழமை தபால்காரர் வருவதைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உறையில் என் பெயர் இருக்காது. அதனால் என்ன, பிரிப்பது நான்தான்.

பக்கத்து அறைக்கு ஒரு செருப்பு விற்பனையாளர் வந்தார். அவர் இருமுவதே இல்லை.

புத்தகம் ஏப்ரலில் வெளிவந்தது. இர்மா அதை ஒரு மருந்துக்கடையில் நின்றபடியே படித்தாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வெர்னின் குரலைக் கேட்ட மாதிரி இருக்கும் என்பதற்காக க்ளே ராண்டனின் புத்தகம் வந்த அன்றே வாங்கிவிடுவாளாம். கடைசி அத்தியாயத்தில், பெட்டிக்குள் கிடக்கும் பென்னி, அந்த நாவலிலேயே இல்லாத ஒரு மிஸஸ் குயிக்லியைக் கூப்பிடுகிறான். நாவலிலேயே இல்லாத ஒரு நார்பைக் கெஞ்சுகிறான். ‘இர்மா ஸ்டேஷன்ல நிப்பாடா’ என்கிறான். அவள் புத்தகத்தை மூடிவிட்டு நேரே ரயிலேறி உங்களிடம் வந்திருக்கிறாள். தட்டும்போது அந்தப் பெயர்களையெல்லாம் பென்னி, லாஸ்கர் என்று மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருமுறை திரும்பப் படித்திருந்தால் பார்த்திருப்பேன்.

நேற்று நீங்கள் கொடுத்த பிரதியில்தான் முதல்முறையாகப் படித்தேன். என் பெயர் முப்பத்தொரு தடவை வருகிறது. அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நல்ல அத்தியாயம், லெப்டினன்ட். அதை உங்கள் மேஜையில் ஆதாரமாக மட்டும் பார்க்கிறீர்கள். அது ஒரு வகையில் நியாயம்தான்.

வெர்ன் டேவனரைக் கொன்றது நான். ரயில் போவதற்காகப் பூட்டி வைத்தேன், பிறகு அவன் போகாமல் இருப்பதற்காகத் திறக்காமல் இருந்தேன். யாரும் தூண்டவில்லை. இதை முழு நினைவோடு எழுதுகிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்று கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது, “ரெண்டு மணி நேரம் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான்யா. ஒரு வார்த்தை பதில் சொல்லத் தோணலயா உனக்கு?” என்று கேட்டீர்கள். தோன்றியது, லெப்டினன்ட். பல தடவை தோன்றியது. ஆனால் நான் குறுக்கே பேசினால் அவன் சொல்வதை நிறுத்திவிடுவான்.